சீனியம்மாள் மாட்டிவிட்ட பொத்தான்

சீனியம்மாள் இருபது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்தவள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களுக்கு ஊட்டியும் துடைத்தும் பழகிய கைகள். நாற்பத்தெட்டு வயதில் ஒரு பிசியோதெரபி மையத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். அங்கே அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவள் பிசியோதெரபிஸ்ட் சலோமி. சீனியம்மாளின் மகள் வயதுதான் இருக்கும்.

வாரம் மூன்று நாள் தவசிமுத்து வருவார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்ச வேலை இந்த மையத்துடையது. மனைவி மாரித்தாய் ஆட்டோவில் கூட்டிவந்து உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் அவருக்குச் சட்டை போடும் பயிற்சி. இருபது நிமிஷத்தில் ஒரு பொத்தான்தான் மாட்டினார். விரல் நழுவிக்கொண்டே இருந்தது. நெற்றி வியர்வை காலரில் சொட்டியது. சலோமி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனியம்மாளுக்குத் தாங்கவில்லை. குனிந்து மீதி நான்கையும் மளமளவென்று மாட்டிவிட்டாள்.

சலோமி எழுந்து வந்தாள். அந்த நான்கையும் கழற்றினாள். அவர் போட்ட ஒன்றை அப்படியே விட்டுவைத்தாள்.

“ரெண்டாவதுல இருந்து போடுங்கய்யா.”

தவசிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

சீனியம்மாள் சலோமியை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

“இரக்கம்னு ஒண்ணு கிடையாதா டாக்டரம்மா உங்களுக்கு?”

“வெளிய அவர் சம்சாரம் இருக்காங்க. ஒரு டீ வாங்கிக் குடுங்கக்கா. என்கிட்ட கேட்டதை அவங்ககிட்ட கேளுங்க.”

மாரித்தாய் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

“எதுவும் உள்ள இறங்க மாட்டேங்குது தங்கச்சி. வயித்துல புத்துநோய். சித்திரையைத் தாண்டுறது கஷ்டம்னுட்டாங்க. அவருக்குத் தெரியாது. உள்ள இருக்கிற பொண்ணுகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன்.”

சீனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பிள்ளைக?”

“இல்ல. இப்பல்லாம் தண்ணிச் செம்பைக்கூட நான் எடுத்துக் குடுக்கிறதில்ல. கல்நெஞ்சக்காரின்னு திட்டுறாரு. திட்டட்டும்.”

சீனியம்மாள் திரும்பி வந்தபோது அவர் மூன்றாவது பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தாள்.

தையிலும் மாசியிலும் அவளே கற்றுக்கொடுத்தாள். ஒரு கையால் அடுப்பைப் பற்றவைக்க, வாளியைப் பாதி நிரப்பித் தூக்க, கைத்தடியோடு டவுன் பஸ் படி ஏற. ஒருநாள் பயிற்சிப் படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிட நீண்ட கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அவராக எழும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மாரித்தாய் சித்திரை வரைக்கும் இருக்கவில்லை. பங்குனியிலேயே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் தவசிமுத்து தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். சவரம் செய்யாத முகம். நேராகச் சலோமி முன்னால் வந்து நின்றார்.

“உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியலை.”

“ஆமாய்யா.”

“இனிமே இந்தக் கைகாலை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? யாருக்காகச் செய்ய?”

சலோமி என்ன சொல்லப்போகிறாள் என்று சீனியம்மாள் பார்த்தாள்.

“காலையில சாப்பிட்டீங்களாய்யா?”

“கஞ்சி.”

“யாரு வச்சது?”

அவர் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார்.

“நான்தான்.”

“உப்பு சரியா இருந்துச்சா?”

“கூடிப்போச்சு. வாயில வைக்க முடியலை.”

“நாளைக்குக் குறைச்சுப் போடுங்க” என்றாள் சலோமி.