மண்பிள்ளையைத் தேடியவர்

உமையாள் அம்மாவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவருடைய சீடர் சேவுகமூர்த்திக்கு அறுபதுக்கு மேல். மின்வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தலை முழுக்க வெள்ளை. மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நேராக வந்து இவர் காலில்தான் விழுவார்கள். இவர் பதறிப்போய்த் தள்ளி நின்று, உள்ளே கையைக் காட்டுவார்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தேவகோட்டைப் பக்கத்தில் ஓடாமல் கிடந்த ஓர் அரிசி ஆலை. இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். உமி வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

கொஞ்ச நாளாகச் சேவுகமூர்த்தி தியானத்துக்கு வரவில்லை. மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண் இமைக்காமல், முதுகு வளையாமல், கொசு கடித்தாலும் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். தியானத்தில் ஒரு நாளும் அவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

ஒரு காலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்த உமையாள் அம்மா தட்டோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னய்யா, ஏதாவது தென்படுதா?"

"கிடைச்சிருச்சும்மா."

திரையைத் திருப்பிக் காட்டினார். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் இணையதளம். உலகத்து மக்கள் புழங்கிய பொருள்களையெல்லாம் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். திரையில் ஒரு மண் குழந்தை இருந்தது. முழங்கை உயரம் இருக்கும். ஒரு கை உடைந்திருந்தது. சாயம் போய்விட்டது. கீழே நாலு வரி ஆங்கிலம். சேவுகமூர்த்தி தமிழில் சொன்னார்.

"விளையாட்டுப் பொம்மை. தென்னிந்தியா. செய்தவர் தெரியவில்லை. காட்சியில் இல்லை." திரையை விரலால் தட்டினார். "எங்க வீட்டுப் பிள்ளைம்மா இது. விளையாட்டுச் சாமான்னு எழுதி வச்சிருக்கான்!"

"முதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னார். அவருடைய கொள்ளுப்பாட்டி வள்ளியக்காளுக்குப் பிறந்த பிள்ளை எதுவும் நிலைக்கவில்லை. ஒரு பிள்ளை தங்கினால் மண்பிள்ளை செய்து வைக்கிறேன் என்று ஆவரங்காட்டு ஐயனாருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை தங்கியது. பானை வனைகிற வேளாரிடம் சொல்லி மண்பிள்ளை செய்து, துண்டில் சுற்றி, இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கோவிலில் வைத்துவிட்டு வந்தாள். சில வருடம் கழித்து, நிலம் அளக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் கோவிலில் இருந்த மண்பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"அதுக்கப்புறம் எங்க குடும்பத்துல தலைச்சன் பிள்ளை தங்குறதே இல்லம்மா. தாத்தாவுக்கு இல்ல. அப்பாவுக்கு இல்ல. எனக்கும் மூத்தது ஒரு பையன் பிறந்து போயிட்டான், அதுக்குப் பிறகுதான் கோமதி. இப்ப கோமதிக்குத் தலைச்சன். எட்டாம் மாசம்."

உமையாள் அம்மா ஒரு முற்றிய தண்டைக் கிள்ளி எறிந்தார்.

"ஸ்கேன் பாத்தாங்களா?"

"பிள்ளை நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. கோமதிக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறிக்கிட்டே போகுதாம். ராத்திரி தூங்குறதில்லையாம். டாக்டரம்மா கண்டபடி திட்டுறாங்க."

"ஏன் தூங்கல?"

"இந்தப் பொம்மையை நினைச்சுத்தான்."

"அவளுக்கு இந்தக் கதை முன்னாடியே தெரியுமா?"

சேவுகமூர்த்தி திரையைப் பார்த்தார். பிறகு கீரையைப் பார்த்தார்.

"நான்தாம்மா சொன்னேன். தைரியமா இருக்கட்டும்னு சொன்னேன். 'உன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது தாயி, அப்பா அந்தப் பொம்மையைக் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்துடுறேன்'னு சொன்னேன். அன்னையிலிருந்து தினம் போன் பண்ணி, கிடைச்சுதா, கிடைச்சுதான்னு கேக்குறா."

நல்லெண்ணத்தில் வீட்டுக்குள் தேளை விட்ட மனிதர்களை உமையாள் அம்மா நிறையப் பார்த்திருக்கிறார். அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தார்.

சேவுகமூர்த்தி அதைத் தேடியது சாதாரணப் பாடா என்ன! தளத்தில் தேடுகிற பெட்டியில் ஆங்கிலத்தில் 'ஐயனார்' என்று போட்டார், ஒன்றும் வரவில்லை. ஊர்ப் பெயரைப் போட்டார், அப்படி ஓர் ஊரே அந்தத் தளத்துக்குத் தெரியவில்லை. 'மண்' என்று போட்டால் உலகத்துச் சட்டிபானையெல்லாம் வந்து குவிந்தது. 'குழந்தை' என்று போட்டால், ஏதோ தீவில் குழந்தைக்குக் கட்டுகிற பாசிமணி வந்தது. பேருந்து நிலையத்தில் காணாமல் போன பிள்ளையைத் தேடுகிறவர் போல ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசியில், கொஞ்சமும் நம்பிக்கை இல்லாமல், 'விளையாட்டுப் பொம்மை' என்று போட்டார். வந்து நின்றது.

"இதுதான்னு எப்படித் தெரியும்?"

"இடது காதுல மட்டும் வளையம் இருக்கும்னு வீட்டுல சொல்லுவாங்க. இதுல இருக்கு பாருங்க."

"இருக்கு."

"ஆனா..." அவர் தயங்கினார். "இன்னும் நாலு பொம்மையிலயும் இருக்கும்மா."

அந்த நாலையும் காட்டினார். அந்தக் காலத்து வேளார் எல்லாப் பிள்ளைக்கும் இடது காதில்தான் வளையம் போட்டிருக்கிறார் போலிருக்கிறது. ஐந்து பிள்ளைகளும் ஒரே மாதிரி விழித்துக்கொண்டிருந்தன.

"அங்க எழுதிக் கேட்டேம்மா. மரியாதையாத்தான் பதில் போட்டிருக்காங்க. எது உங்களோடதுன்னு ஆதாரம் காட்டணுமாம். அதுக்கப்புறம் கூட்டம் போட்டுப் பேசணுமாம். வருஷக்கணக்குல ஆகலாமாம். எனக்கு ஏதும்மா வருஷம்? எட்டாம் மாசம் ஓடிக்கிட்டிருக்கு." அவர் கண் கலங்கிவிட்டது. "சொல்லுங்கம்மா. பிள்ளையை எப்படி வீட்டுக்குக் கொண்டுவர்றது?"

உமையாள் அம்மா கீரைத் தட்டை ஓரமாக வைத்தார்.

"செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க."

"எங்கம்மா?"

"ஆவரங்காட்டு ஐயனார் கோவிலுக்கு."

"கம்ப்யூட்டரை..."

"அதையும் எடுத்துக்குங்க. விட்டுட்டு வர மனசு வராது."

கண்மாய்க் கரையோரமாகவே நடந்தார்கள். கோவில் அதிக தூரமில்லை. சுற்றிலும் மரம். இரண்டு பக்கமும் மண் குதிரைகள் வரிசையாக நின்றன. சிலதுக்குக் கால் இல்லை, சிலதுக்குத் தலை இல்லை, நிற்கிற மிடுக்கு மட்டும் குறையவில்லை. குதிரைகளின் காலடியில் மண்பிள்ளைகள். முன்பக்கம் இருந்தவை சாயம் காயாத புதுப்பிள்ளைகள். அதற்குப் பின்னால் இருந்தவை மழையில் வெளுத்தவை. இன்னும் பின்னால் போகப் போக ஒரு காது, ஒரு கன்னம், அப்புறம் வெறும் மேடு. மேட்டில் கரையான் புற்று வைத்திருந்தது.

ஒரு குடும்பம் அப்போதுதான் வந்திருந்தது. இளைஞன் ஒருவன், அவன் மனைவி, அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. இளைஞன் கையில் மண்பிள்ளை. புதுத்துண்டு சுற்றி, மாலை போட்டிருந்தார்கள். இறக்கி வைத்தான், தேங்காய் உடைத்தான், விழுந்து கும்பிட்டான். திரும்பி நடந்தார்கள். நாலடி போனதும் இளைஞன் கழுத்தை மெல்லத் திருப்பினான்.

"தம்பி! தம்பி! திரும்பாத!"

சேவுகமூர்த்தி போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தன. இளைஞன் விறைத்து நின்றான்.

"ஏன் சார்?"

"வச்சிட்டா திரும்பிப் பாக்கக் கூடாது. உங்க வீட்டுல சொல்லலையா?"

"சொன்னாங்க சார். நாய் கீய் தட்டிவிட்டுருமோன்னுதான்..."

"நாய் தட்டட்டும், மாடு மிதிக்கட்டும், மழையில கரையட்டும். உனக்கென்ன? வச்சதோட உன் வேலை முடிஞ்சுது. திரும்பிப் பாத்தா, குடுத்ததைத் திருப்பிக் கேக்குற மாதிரி. போ, இடுப்புல இருக்கிற பிள்ளையைப் பாத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போ."

இளைஞன் கழுத்துச் சுளுக்கியவன் போலத் தலையை அசைக்காமல் நடந்து போனான். அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு காரியம் செய்துவிட்ட நிறைவோடு சேவுகமூர்த்தி உமையாள் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அக்குளில் இடுக்கியிருந்த மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கொள்ளுப்பாட்டி திரும்பிப் பாத்தாங்களாய்யா?"

"எங்க கொள்ளுப்பாட்டியா! வர்ற வழியில கால்ல கருவேல முள்ளு ஏறிருச்சாம். குனிஞ்சா தலை பின்னால திரும்பிரும்னு அப்படியே நொண்டி நொண்டி வந்து, வீட்டு வாசல்ல உக்காந்துதான் பிடுங்கினாங்களாம். அப்பேர்ப்பட்ட..."

அவர் அத்தோடு நிறுத்திவிட்டார். மடிக்கணினியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மறுபடியும் இந்தக் கைக்கே மாற்றினார். எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆனா அந்த வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டானேம்மா."

"யாரோடதை எடுத்துட்டுப் போனான்?"

சேவுகமூர்த்தி கோவில் பக்கம் கையைக் காட்டினார்.

"ஐயனாரோடதை."

உமையாள் அம்மா அந்தக் குதிரை வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார்.

"வேணும்னா போய் எடுத்துட்டு வரமாட்டாராய்யா? அவருக்கு என்ன வண்டி வாகனத்துக்குப் பஞ்சமா?"

சேவுகமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சமாகத்தான் வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. தலையில்லாத ஒரு குதிரையின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பிலேயே அழுகையும் வந்தது. அதையும் அழுதார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிருந்தது. பசிக்கக்கூடச் செய்தது.

"அப்ப, அந்த வெள்ளைக்காரன் செஞ்சது சரின்னு ஆயிருமாம்மா?"

"எப்படிச் சரியாகும்? திருட்டு திருட்டுதான். அது விளையாட்டுச் சாமான் இல்ல, சாமிக்கு வச்ச நேர்த்திக்கடன்னு அவங்களுக்கு எழுதுங்க. நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க. ஊர்க்காரங்க கையெழுத்தும் வாங்கி அனுப்புங்க."

"இன்னைக்கே எழுதிடுறேம்மா."

"இன்னைக்கு வேண்டாம். பேரனோ பேத்தியோ பிறக்கட்டும், பேர் வச்சிட்டு எழுதுங்க."

உமையாள் அம்மா கரையை நோக்கி நடக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து சேவுகமூர்த்தியின் சட்டைப் பையில் அலைபேசி அடித்தது. கோமதிதான்.

"அப்பா, கிடைச்சுதா?"

அலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவர் ஓடினார்.

"அம்மா! கிடைச்சுதான்னு கேக்குறா. என்ன சொல்லட்டும்?"

உமையாள் அம்மா நடந்துகொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"கொள்ளுப்பாட்டி அன்னைக்கே ஐயனாருக்கு வச்சாச்சுன்னு சொல்லுங்க."