மோருக்குப் பிறகு சொன்ன யுத்தி

வாருங்கள், உட்காருங்கள். காலை நீட்டுகிறவர்கள் சுவரோரமாகப் போங்கள். முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று நடுவிலே கேட்டால் எனக்குக் கோபம் வரும், சொல்லிவிட்டேன். இந்தக் கதையில் அவருக்கு அவ்வளவாக வேலை இல்லை. அவருக்கு ஒரு படை இருந்தது. படைக்குப் பசி இருந்தது. பசிக்கு ஒரு சமையல்காரன் இருந்தான். கதை அந்தச் சமையல்காரனைப் பற்றியது.

அவன் பெயர் வயிரவன். இருபது வருஷம் படையோடு காடு மேடெல்லாம் சுற்றினான். வாளைத் தொட்டதில்லை, வில்லைத் தொட்டதில்லை, வேலைத் தொட்டதில்லை. அவன் கையில் இருந்தது அகப்பை. ஆனால் படைக்கெல்லாம் தலைவரான தளவாய்க்கு அவன்தான் தினமும் சோறு போடுவான். தளவாய் சாப்பிடும்போதுதான் போர் யுத்தியெல்லாம் பேசுவார். வயிரவன் சோறு போடும்போது கொஞ்சம் கேட்பான், குழம்பு விடும்போது கொஞ்சம் கேட்பான், ரசம் விடும்போது கொஞ்சம் கேட்பான், மோரை ஊற்றிவிட்டு அண்டா கழுவப் போய்விடுவான்.

ஒருநாள் ராஜா எதிரி ராஜாவின் மகளைக் கட்டிக்கொண்டார். போர் ஓய்ந்தது. படையைக் கலைத்துவிட்டார்கள். வயிரவனுக்குக் கொடுத்த பரிசு ஒரு வெள்ளிக் கழல், வீரர்கள் காலில் போடுவார்களே, அது. காடு கிடையாது, கழனி கிடையாது, ஏனென்று கேட்க ஒரு சொந்தமும் கிடையாது. அவன் கழலை விற்று ஒரு பணியாரக் கல் வாங்கினான். மிச்சத்தைக் கொடுத்துப் புன்னைத்துறைச் செவ்வாய்ச் சந்தையில் ஒரு புளியமரத்தடியைப் பிடித்தான். மாவு கரைப்பதும் அவனே, அடுப்பு ஊதுவதும் அவனே, இலை எடுப்பதும் அவனே. அந்தப் புளியமரத்தடி போனால் அவனுக்கு உலகத்தில் வேறு இடமில்லை.

பணியாரம் நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் வந்தார்கள், தின்றார்கள். அத்தோடு அவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எதிரே வேப்பமரத்தடியில் சிலம்பாயி என்று ஒருத்தி ஆப்பக்கடை போட்டிருந்தாள். அவளும் தனி ஆள்தான். அங்கே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வயிரவனுக்கு வயிறு எரிந்தது, அடுப்பை விட நன்றாகவே எரிந்தது.

"நான் யார் தெரியுமா? தளவாய்க்குப் பக்கத்திலேயே நின்றவன்!" என்று மீசையை முறுக்கினான். அகப்பையோடு நின்றதை மட்டும் சொல்லவில்லை. படை நடத்துகிற மாதிரி கடை நடத்திக் காட்டுகிறேன் பார் என்று சபதம் போட்டான்.

இங்கே அந்தச் சந்தையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உச்சிப் பொழுதில் சந்தை மணியக்காரர் சங்கு ஊதிக்கொண்டு வருவார். கையில் காய்ந்த தென்னங்கீற்று இருக்கும். ஒவ்வொரு அடுப்பிலும் அதை நீட்டுவார். கீற்றில் தீப் பிடித்தால் கடைக்காரன் ஒழுங்காகக் கடை நடத்துகிறான் என்று அர்த்தம். தொடர்ந்து மூன்று சந்தை கீற்றில் தீப் பிடிக்காவிட்டால் இடம் போச்சு, அடுத்துக் காத்திருப்பவனுக்குப் போய்விடும். அந்த வருஷம் காத்திருந்தவன் கருவாட்டு வியாபாரி கொளஞ்சி. ஒவ்வொரு செவ்வாயும் கூடையோடு வந்து, எந்த அடுப்பு அணையும் என்று பார்த்துக்கொண்டே நிற்பான். அவன் எங்கே நிற்கிறான் என்று யாரும் தேட வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும்.

முதல் செவ்வாய் வந்தது. வயிரவன் வெட்சிப்பூவைக் காதில் செருகிக்கொண்டான். நாம் இட்லிப்பூ என்கிறோமே, அதுதான். மாடு கவரப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் அதைத்தான் சூடுவார்கள். சோறு போடும்போது தளவாய் சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது: "முதலில் எதிரியின் மாட்டைக் கவர்ந்து வா. மாட்டுக்குப் பின்னால் மனிதன் தானாக வருவான்."

சிலம்பாயி கடையில் தின்றுகொண்டிருந்த வண்டிக்காரர்களின் மாடுகள் வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தன. வயிரவன் பதுங்கிப் பதுங்கிப் போனான். ஏழு மாட்டை அவிழ்த்தான். புளியமரத்தடிக்கு ஓட்டி வந்தான். மாட்டுக்காரர்கள் வருவார்கள், வந்தவர்கள் பணியாரம் தின்பார்கள் என்று கணக்குப் போட்டான்.

மாட்டுக்காரர்கள் வருமுன் மாடு வேலையைக் காட்டிவிட்டது. பெரிய காளை ஒன்று மாவுப் பானைக்குள் தலையை விட்டு ஒரே உறிஞ்சு உறிஞ்சியது. இன்னொன்று வெல்லத்தைத் தின்றது. மற்ற ஐந்தும் திசைக்கொன்றாய் ஓடின. வயிரவன் அவற்றின் பின்னால் ஓட, அவன் பின்னால் வண்டிக்காரர்கள் தார்க்குச்சியோடு, "ஏலேய், மாட்டுத் திருடா!" என்று ஓடினார்கள். மனிதன் தானாக வருவான் என்று தளவாய் சொன்னது பலித்துவிட்டது. முதுகில் நாலு அடியோடு அவன் திரும்பி வந்தபோது மணியக்காரரின் கீற்று அவன் அடுப்பிலிருந்து வெறும் சாம்பலோடு வெளியே வந்தது.

"ஒண்ணு," என்றார் மணியக்காரர். கொளஞ்சி கூடையோடு ஓரடி முன்னால் வந்தான்.

இரண்டாம் செவ்வாய் வந்தது. இந்தத் தடவை தலையில் உழிஞைக் கொடியைச் சுற்றிக்கொண்டான். முடக்கத்தான் கொடிதான் அது, தோசைக்கு அரைப்போமே. கோட்டையை முற்றுகை போடுகிறவர்கள் சூடுவது. குழம்பு விடும்போது தளவாய் சொல்லியிருந்தார்: "கோட்டையைச் சுற்றி வளை. உள்ளே போக வழி விடாதே, வெளியே வர வழி விடாதே. மீதியைப் பசி பார்த்துக்கொள்ளும்."

சிலம்பாயி கடையில் கூட்டம் அமர்ந்த நேரம் பார்த்து வயிரவன் உடைமுள் கட்டுகளை இழுத்து வந்தான். முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு, பக்கவாட்டில் ஒரு கட்டு என்று சுற்றிலும் வேலி போட்டான். கை முழுக்க முள். ஆனாலும் வேலி பிரமாதம், ஒரு கோழிக்குஞ்சு கூடப் புக முடியாது. கடைசிக் கட்டை இறுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அட கடவுளே! வேலிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தான்.

நீங்களே சொல்லுங்கள், சோற்றுக்கடையைப் பட்டினி போட நினைத்தவன் இவனைத் தவிர யாராவது உண்டா? வெளியே போக முடியாத நாற்பது பேரும் என்ன செய்வார்கள்? "சிலம்பாயி, இன்னொரு ஆப்பம் போடு" என்றார்கள். மீதியைப் பசி நன்றாகவே பார்த்துக்கொண்டது. அவள் அன்றைக்குக் கரைத்த மாவெல்லாம் உச்சிக்கு முன்னே தீர்ந்து, கடைசி ரெண்டு ஆப்பம்தான் மிஞ்சியது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வயிரவண்ணே, வேலி நல்லா இருக்கு. நீங்களும் ரெண்டு சாப்பிடுங்க, முகம் வாடிப்போச்சு" என்றாள்.

அவனும் சாப்பிட்டான். தேங்காய்ப்பால் விட்டுத்தான். சாப்பிட்டுக்கொண்டே முள்ளிடுக்கு வழியாகப் பார்த்தால், எதிரே தன் அடுப்பின் புகை மெலிந்து மெலிந்து நின்றுபோனது தெரிந்தது. அதற்குள் சங்கு ஊதியது.

"ரெண்டு," என்றார் மணியக்காரர். கொளஞ்சி இன்னும் ஓரடி முன்னால் வந்தான்.

அந்த வாரம் முழுக்க வயிரவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு தடவை அடுப்பு அணைந்தால் தெருவில் நிற்க வேண்டும். பேசாமல் அடுப்படியில் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் தோற்கப்போகிற சூதாடி எழுந்து போவானா? ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது.

மூன்றாம் செவ்வாய் வந்தது. ஐப்பசி மாதம், வானம் மூடிக்கிடந்தது. வயிரவன் தும்பைப் பூவைத் தொடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். நேருக்கு நேர் மோதுகிறவர்கள் சூடுவது தும்பை. ரசம் விடும்போது தளவாய் சொல்லியிருந்தார்: "கடைசியில் முரசைக் கொட்டு. எதிரியைக் களத்துக்குக் கூப்பிடு."

அடுப்பில் மூன்று கட்டையைத் திணித்தான். பெரிய அண்டாவைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டினான். அகப்பையால் டமடம டமடம என்று அடித்துக்கொண்டு ஆப்பக்கடை முன்னால் போய் நின்றான்.

"சிலம்பாயி! வெளியே வா!"

"என்னண்ணே வேணும்?"

"போர்!"

"கல்லுல ஆப்பம் இருக்கு. வெந்ததும் வர்றேன்."

காத்திருக்கிற நேரத்தில் சும்மா நிற்கலாமா? தன் வீரப் பிரதாபத்தைப் பாட ஆரம்பித்தான். கூட்டம் கூடியது. கூட்டத்தைப் பார்த்ததும் குரல் இன்னும் ஏறியது. தூறல் விழுந்தது, அவனுக்குத் தெரியவில்லை. தூறல் மழையானது, அவனுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிப் பாடினான், அண்டாவில் அடித்த அடியில் காதும் அடைத்துப்போனது. சங்கு ஊதி முடிந்து, பக்கத்தில் நின்றவன் தோளைத் தட்டி, "ஐயா, மணியக்காரர் வந்துட்டார்" என்ற பிறகுதான் உறைத்தது.

ஓடினான். அண்டா முழங்காலில் இடிக்க, தும்பைப் பூ உதிர, ஓடினான். தூரத்திலேயே கருவாட்டுக் கூடை புளியமரத்தடியில் இறங்கியிருப்பது தெரிந்தது. வயிரவன் நடு வழியில் சேற்றில் உட்கார்ந்து, நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை, ஓவென்று அழுதுவிட்டான்.

"அழாமப் போய்ப் பாருய்யா," என்று யாரோ தூக்கி விட்டார்கள்.

போய்ப் பார்த்தால், அவன் அடுப்படியில் சிலம்பாயி குந்தியிருந்தாள். ஒரு கையால் முறத்தை அடுப்புக்கு மேலே குடையாகப் பிடித்திருந்தாள். மறு கையால் ஊதுகுழலைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். முடியெல்லாம் சாம்பல், கண்ணெல்லாம் சிவப்பு. மணியக்காரர் குனிந்து கீற்றை நீட்டினார். கீற்று புகைந்தது. இன்னும் புகைந்தது. கொளஞ்சி கழுத்தை நீட்டிப் பார்த்தான். வயிரவன் மூச்சை அடக்கிக்கொண்டான். சட்டென்று கீற்றின் நுனியில் தீப் பிடித்தது.

"இடம் இருக்கு," என்றார் மணியக்காரர். கொளஞ்சி முணுமுணுத்துக்கொண்டே கூடையைத் தூக்கினான்.

வயிரவனுக்கு வாய் குழறியது. "நான் உனக்கு எதிரியாச்சே. என் அடுப்பை ஏம்மா காப்பாத்தினே?"

சிலம்பாயி முறத்தை உதறினாள். "நல்லாக் கேட்டீங்க போங்க! நீங்க போனா இங்க யாரு வருவா? அந்தக் கூடைதான் வரும். கருவாட்டு வாசத்துல என் ஆப்பத்தை எவன் தின்பான்? பக்கத்துக் கோட்டை விழுந்தா அடுத்து என் கோட்டைதானே?"

"அப்போ உன் அடுப்பு? அதை விட்டுட்டு வந்துட்டியே!"

"தணலைச் சாம்பல்ல புதைச்சு, மேல சட்டியைக் கவுத்துட்டுத்தான் வந்தேன். மணியக்காரர் அங்கதான் முதல்ல பார்த்தார், கீத்து பத்திக்கிச்சு. இந்த யுத்தியெல்லாம் உங்களுக்கு யாருண்ணே சொல்லிக் கொடுத்தது?"

இனி மறைத்து என்ன? வயிரவன் அண்டாவைக் கழற்றி வைத்துவிட்டு உண்மையைச் சொன்னான். "தளவாய் சாப்பிடுறப்போ பேசுவார். சோறு போடுறப்போ, குழம்பு விடுறப்போ, ரசம் விடுறப்போ கேட்பேன். மோர் ஊத்தினதும் அண்டா கழுவப் போயிடுவேன்."

"மோருக்கு அப்புறம் அவர் என்ன சொன்னார்?"

"தெரியாதே."

சந்தையே சிரித்தது. மணியக்காரர் சங்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிலம்பாயியும் சிரித்தாள், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள். "நான் சொல்லட்டுமா? பாதிப் படையை ஊர்க் காவலுக்கு வெச்சுட்டுப் போன்னு சொல்லியிருப்பார். உங்ககிட்ட பாதிப் படை ஏதுண்ணே? நீங்க ஒத்தை ஆள். உங்களை ரெண்டா வெட்டவா முடியும்?" அவளே மறுபடி கேட்டாள்: "அது இருக்கட்டும். இருபது வருஷம் படையில உங்க வேலைதான் என்ன?"

"அடுப்பைக் காக்கிறது."

"மழை பெய்யலையா? காத்து அடிக்கலையா?"

"பெய்யாம? ஓலைக்குடையைப் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கூட அணைய விட்டதில்லை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது வருஷம் தன்னிடமே இருந்த வித்தையைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, அடுத்தவர் வித்தையைப் பாதி திருடி ஆடினோமே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வயிரவன் அடுப்பை விட்டு அசையவில்லை. புளியமரக் கிளையில் ஒரு நொச்சிக் கொத்து மட்டும் கட்டித் தொங்கவிட்டான். தன் கோட்டையைக் காப்பவர்கள் சூடுவது நொச்சி. அந்த வாடைக்குக் கொசு வராமல் போனது தனி லாபம். எதிரே ஆப்பம் தின்றவர்கள் இனிப்புக்கு இந்தப் பக்கம் வந்தார்கள், இங்கே பணியாரம் தின்றவர்கள் பசி ஆறாமல் அந்தப் பக்கம் போனார்கள். மழை வந்தால் சிலம்பாயி அடுப்புக்கும் சேர்த்து ஓலைக்குடை போனது. கொளஞ்சி வருஷக்கணக்கில் காத்திருந்து அலுத்துப்போய் வேறு சந்தைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

இன்னொன்றும் சொல்வார்கள். அதற்கப்புறம் பெரியவர் யார் எதைப் பேசினாலும், இலையில் மோர் விழுந்து, அதைக் குடித்து முடிக்கும் வரை வயிரவன் எழுந்திருக்கவே மாட்டானாம்.

ஒற்றை ஆளாய்க் கடை வைத்தவனுக்குப் படையும் அவனே, கோட்டையும் அவனே என்பதால், அடுத்தவன் கோட்டையைப் பிடிக்கப் போகுமுன் தன் அடுப்பில் நெருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.