நடந்துபோன கோழிக்கூடு

மஞ்சநாட்டை ஆண்ட செண்பகமாறனுக்கு இரண்டு எதிரிகள். ஒருவர் பக்கத்து நாட்டு அரசர். அவரோடு சமாதானம் ஆகிவிட்டது. இன்னொன்று கீரிப்பிள்ளை.

அரண்மனைத் தோட்டத்தில் மேய்ந்த இருபது கோழிகளில் மூன்றைக் கீரி கொண்டுபோயிற்று. நான்காவதைப் பருந்து தூக்கியது. மன்னர் பொறுப்பாரா? தேக்கில் ஒரு கூடு செய்வித்தார். நாலு பக்கமும் செப்புக்கம்பி வலை, மேலே கூரை, கீழே கனத்த பலகை. மிச்சமிருந்த பதினாறையும் உள்ளே விட்டுக் கதவைப் பூட்டித் தம் கையாலேயே அரக்கு முத்திரை வைத்தார். மூலைக்கு ஒருவராக நான்கு வேல்காரர்கள். தீனி போடவும் முட்டை எடுக்கவும் கை நுழையும் அளவில் ஒரு துவாரம்.

தீனிக்கு, அரண்மனை உணவுக்கிடங்கான உக்கிராணத்தின் தலைவர் சிங்கராயர் பொறுப்பு. “ராஜா வீட்டுக் கோழி கம்பும் குருணையுமா தின்னும்?” என்று நெய்ச்சோறும் பாதாம்பருப்புமாக அனுப்பினார். கோழிகள் தின்றன. தூங்கின. மறுபடி தின்றன.

அந்தச் சமயம் ராணி பூங்கோதை காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்தார். “தினம் ஒரு முட்டை கொடுங்கள். மஞ்சள் கரு மாம்பழச்சாறு போல இருக்க வேண்டும்” என்றார் வைத்தியர். கூட்டிலிருந்து வந்த முட்டையோ, ஓடு அப்பளம். உள்ளே கரு நீர்மோர் நிறம். சிங்கராயர் தீனியில் குங்குமப்பூ கலந்து பார்த்தார். கோழிகளின் மூக்குத்தான் சிவந்தது.

“தீனியில் குறையில்லை, மகாராஜா. போடுகிற கைதான் சரியில்லை” என்றார் சிங்கராயர்.

போடுகிற கை காத்தாயியுடையது. முப்பது வருஷமாக அரண்மனைக் கோழிகளைப் பார்த்துக்கொள்பவள். கோட்டைக்கு வெளியே அவளுக்கு ஒரு கூரை கிடையாது.

“மகாராசா, அதுங்க கால் மண்ணுல பட்டு மூணு மாசமாச்சு. புழு இல்லை, பச்சை இல்லை. வெளிய விட்டா எல்லாம் சரியாயிடும்” என்றாள்.

“வெளியே விட்டுக் கீரிக்கு விருந்து வைக்கவா? முத்திரை உடையக் கூடாது. ஒரு கோழி வெளியே வரக் கூடாது. காவலர் மூலையை விட்டு நகரக் கூடாது. பதினைந்து நாளில் கரு நிறம் மாற வேண்டும். மாறாவிட்டால் நீ கோட்டையை விட்டுப் போகலாம்.”

அவையின் ஓரத்திலிருந்து விகடகவி ஆலாலன் எழுந்தார். மன்னர் கோபமாக இருக்கும்போது பேசத் துணிகிற ஒரே ஆள் அவர்தான்.

“நிபந்தனை அந்த மூன்றுதானே, மகாராஜா?”

“மூன்றேதான்.”

“காத்தாயிக்கு நான் துணை நிற்கிறேன்.”

சிங்கராயர் சிரித்தார். “ஐயா சபையில் தினம் ஒரு விகடம் இடுவது தெரியும். கூட்டில் முட்டையும் இடுவாரோ?”

“இட்டால் முதல் முட்டை உமக்குத்தான்” என்றார் ஆலாலன்.

அன்றே ஒரு தச்சனை அழைத்துவந்தார். தச்சன் கதவைத் தொடவில்லை. கூட்டின் அடிப்பலகையை மட்டும் அறுத்து எடுத்தான்; பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளக் கழிகளைக் கட்டினான். நான்கு காவலரும் நான்கு முனையைப் பிடித்துக் கூட்டை நாலு விரல் உயர்த்தினார்கள். கோழிகள் தரையில் நின்று ஒருமுறை விழித்தன. கூடு மெல்ல நகர்ந்தது. அவையும் உள்ளேயே நடந்தன.

தினம் ஒரு புல்தரை. காத்தாயி பழம்பானையில் வைக்கோலும் சாணமும் நனைத்துக் கவிழ்த்து வைப்பாள். மறுநாள் பானை நிறையக் கரையான். முருங்கைக்கீரையைக் கொத்தாக வலையில் கட்டித் தொங்கவிடுவாள். கம்போடு, முட்டை ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சல் தூளையும் தூவுவாள். பொழுது சாயும் முன் கூடு முற்றத்துக் கல்தளத்துக்குத் திரும்பிவிடும். கல்லைத் தோண்டக் கீரிக்கு ஏது நகம்?

வேல் ஏந்திய நால்வர் சுமந்துவரும் கூட்டைப் பார்த்துப் பூக்காரி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“எந்தச் சாமி புறப்பாடுங்க?”

“கோழியம்மன்” என்றான் முன்னால் போன காவலன். “வழியை விடு, தாயி. அம்மனுக்குப் பசி.”

பன்னிரண்டாம் நாள் சிங்கராயர் மன்னரிடம் ஓடினார். “ஆணையை மீறிவிட்டார்கள். கோழிகள் கிணற்றடியில் நிற்கின்றன.”

மன்னர் வைத்தியரையும் அழைத்துக்கொண்டு விரைந்து வந்தார். கிணற்றடிப் புல்லில் கூடு உட்கார்ந்திருந்தது. உள்ளே பதினாறு கோழிகளும் மண்ணைக் கிளறி வாரி இறைத்துக்கொண்டிருந்தன. கூரைக்கு மேலே பருந்து ஒன்று ஏக்கத்தோடு வட்டமிட்டது.

“ஆலாலரே, என்ன இது?”

“முத்திரையைப் பாருங்கள், மகாராஜா. உடைந்திருக்கிறதா?”

“இல்லை.”

“காவலர் தத்தம் மூலையில்தானே நிற்கிறார்கள்?”

“நிற்கிறார்கள்.”

“கோழி ஏதாவது கூட்டுக்கு வெளியே?”

“இல்லை. ஆனால் தோட்டத்தில் அல்லவா மேய்கின்றன?”

“அவை வெளியே வரவில்லை, மகாராஜா. தோட்டம்தான் உள்ளே போய்விட்டது.”

மன்னரின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியாமல் சிங்கராயர் இரண்டுக்கும் தயாராக நின்றார்.

காத்தாயி துவாரத்தில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தாள். கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள். ஓடு உடையவில்லை. இன்னொருமுறை ஓங்கித் தட்டினாள். பழுத்த மாம்பழ நிறத்தில் கரு உருண்டு விழுந்து, கலையாமல் நிமிர்ந்து நின்றது. வைத்தியர் குனிந்து பார்த்து, “இதுதான்” என்றார்.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். “காத்தாயி, நீ எங்கேயும் போக வேண்டாம். இனிக் கோழிக்குத் தீனி என்னவென்று நீ சொல். சிங்கராயர் கொண்டுவந்து கொடுப்பார். முதலில் அவர் கரையான் பிடிக்கப் பழகட்டும்.”

காத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிங்கராயரைப் பார்த்து, “சாணத்துக்குக் கூச்சப்படக் கூடாதுங்க, ஐயா” என்றாள்.

“ஆலாலரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?”

“எனக்கு ஒன்றும் வேண்டாம், மகாராஜா. தச்சனைத்தான் இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகியும், காற்றுப் படக்கூடாதென்று ராணியார் அறையில் ஒரு சாளரம்கூடத் திறக்கவில்லை. நெய்ச்சோறும் பாதாமும் மட்டும் தவறாமல் போகின்றன. அந்தப்புரம் கொஞ்சம் பெரிய கூடு. அதைத் தூக்கக் காவலர் எத்தனை பேர் வேண்டும் என்று தச்சன் கேட்கிறான்.”

சிரிக்க வாய் திறந்த மன்னர் பாதியில் நிறுத்தினார். பிறகு அந்தப்புரத்தை நோக்கி நடந்தார். சற்று நேரத்தில் அங்கிருந்து சாளரக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் ஓசை கேட்டது.