சூடம் அணையாத தேர்

மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை கிடக்கிறது. ஆய்ந்து முடிப்பதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜோடித்துச் சொல்ல வராது. இருந்தாலும் கேளுங்கள்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் கரும்பாறை நாட்டை உதயகீர்த்தி என்று ஒரு ராஜா ஆண்டார். தேர் ஓட்டுவதென்றால் அவருக்குச் சோறு தண்ணீர்கூட வேண்டாம். தேர் அதிகாரி கேசவராயர் அவருக்கென்றே ஒரு தேர் செய்து கொடுத்திருந்தார். முன்பலகையும் பக்கப்பலகையும் ராஜாவின் நெஞ்சு உயரம். அதன்மேல் தங்கச் சிங்கம். குதிரைகளுக்குக் கண்பட்டை. தெருவுக்குள் வந்தால் புழுதிதான் தெரியும், தேர் தெரியாது. அவ்வளவு வேகம்.

ஆனாலும் ராஜாவுக்கு மனசுக்குள் ஒரு ஏக்கம்.

"எங்கள் அப்பா போனால் வாசலுக்கு வாசல் ஆரத்தி எடுப்பார்கள். நான் போனால் கதவைச் சாத்துகிறார்களே, கேசவராயரே!"

"எல்லாம் திமிர், மகாராஜா! அதிலும் சுண்ணாம்புத் தெருக்காரர்களுக்கு ரொம்பவே அதிகம்."

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "வருகிற வெள்ளிக்கிழமை அங்கே எனக்கு ஆரத்தி இல்லையென்றால் தெருவையே காலி பண்ணுங்கள்!"

அந்தத் தெருவில் மருதாயி என்று ஒரு சுண்ணாம்புக்காரி இருந்தாள். அவள் மகள் செல்லிக்கு ஐந்து வயசு. பாதி நாள் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். "ஒரே ஒரு ஆட்டம் பாண்டி ஆடிட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்கும். "தேர் போகட்டும்டி" என்பாள் மருதாயி. தேர் எங்கே போய்த் தீர்ந்தது! ராஜாவைப் பார்த்து ஊர்ப் பெரிய மனுஷர்கள் எல்லோரும் அதே மாதிரி தேர் செய்துகொண்டார்கள்.

உத்தரவைக் கேட்டதும் மருதாயி சபைக்கே போய் நின்றாள்.

"ஆரத்தி நிச்சயம் உண்டு சாமி. நீங்க பார்த்து, தேரை நிறுத்தி வாங்கிக்கணும்."

"சுண்ணாம்பு விற்கிறவள் ராஜாவுக்குச் சட்டம் சொல்கிறாயா?" என்று சீறினார் கேசவராயர்.

"பார்க்காமல் போவேனா? எனக்குக் கழுகுக் கண்!" என்று சிரித்தார் ராஜா.

வெள்ளிக்கிழமை தேர் பறந்தது. தெருக்கோடியில் ராஜா கடிவாளத்தை இழுத்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"ஒரு தட்டுகூட இல்லையே!"

"நான்தான் சொன்னேனே மகாராஜா. காலி பண்ணச் சொல்லட்டுமா?"

மருதாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஏழு தட்டு சாமி! இறங்கிச் சக்கரத்தைப் பாருங்க."

ராஜா இறங்கினார். சக்கரமெல்லாம் சிவப்பு. ஆரக்காலில் ஒரு சின்னப் பாவாடை சுற்றிக் கிடந்தது.

ராஜா குனிந்து பாவாடையைத் தொட்டார். "யா... யாரம்மா?"

"எம் மக பாவாடை சாமி. பிள்ளைங்க உசரத்துக்கு ஏழு வைக்கோல் பொம்மை செஞ்சு, கையில ஆரத்தித் தட்டைக் கட்டி வச்சோம். அது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணி. இன்னிக்கு அவ்வளவுதான்."

ராஜா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தெரு நெடுக நசுங்கிய தட்டுகள். இத்தனை நாள் ஏங்கிய ஆரத்தி, அவர் கண்ணில் படாமலே அவர் சக்கரத்தில் அரைபட்டுக் கிடந்தது.

"கேசவராயரே, பலகையை வெட்டும்! தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எனக்குத் தெரிய வேண்டும். கண்பட்டையையும் கழற்றும்! இனி தெருவுக்குள் எந்தத் தேர் வந்தாலும் முன்னால் ஒரு தட்டில் சூடம் எரிய வேண்டும். அணைந்தால் ஓட்டியவன் இறங்கித் தள்ளட்டும்!"

முதல் நாளே கேசவராயரின் தேரில் சூடம் அணைந்தது. தலைப்பாகை நழுவ நழுவத் தெருக்கோடி வரை தள்ளினார்.

"தேர் அதிகாரி இல்லே, தேர் தள்ளி!" என்று பெண்கள் சிரித்தார்கள்.

மருதாயிக்கு ராஜா முத்துமாலை நீட்டினார். "அது இருக்கட்டும் சாமி" என்று அவள் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். செல்லி நடுத்தெருவில் உட்கார்ந்து பாண்டிக்குக் கட்டம் போட்டது. ராஜாவின் தேர் மெதுவாக வந்து நின்றது. செல்லி கடைசிக் கட்டம் போட்டு முடிக்கிறவரை நின்றது. அப்புறம்தான் மருதாயி தட்டெடுத்து, சுற்றி, ராஜா நெற்றியில் பொட்டு வைத்தாள்.

இங்கே எங்கள் தெருவிலும் டிப்பர் லாரி போகிறது. என் மகள் வாசல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்றைக்காவது ஒருநாள் நானும் அவளிடம், போய் விளையாடு கண்ணு என்று—

"அம்மா! கொக்கி எனக்கு எட்டிருச்சு!"

ஐயோ, திறக்காதேடி, லாரி சத்தம் கேட்குதுடி—