சுழியின் அளவு சுழி

அறுபத்தொரு வயதில் மாசிலாமணி ஒரு கணக்கு டீச்சரிடம் சீடராகச் சேர்ந்தார். காரணம் கோபம்.

ஆனைப்பாறைத் துறையில் அவருடைய தம்பி செங்கோடன் ஓட்டிய பரிசல் கவிழ்ந்து, சந்தைக்குப் போன இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். குடித்துவிட்டு ஓட்டினான் என்று செங்கோடனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவன் கள்ளைக்கூட முகர்ந்து பார்க்காதவன். மணல் குத்தகைக்காரர்கள் இயந்திரம் இறக்கி ஆற்றின் நடுவே பள்ளம் தோண்டியிருந்தார்கள். அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் சுழல்கிறது, அந்தச் சுழிதான் பரிசலை இழுத்தது என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். அதிகாரி ஜீப்பில் வந்தார், குடை பிடித்துக்கொண்டு கரையிலிருந்து பார்த்தார், போய்விட்டார். மேலே தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. இழுப்பெல்லாம் அடியில்.

விசாரணையில் குத்தகைக்காரரின் பொறியாளர் எழுந்தார்.

"ஐயா, ஆறு நேராக ஓடுகிறது. நேராக ஓடும் ஆற்றில் வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால், போகும்போது தண்ணீர் தள்ளிக் கொடுத்ததைத் திரும்பும்போது பிடுங்கிக்கொள்ளும். கூட்டிப் பார்த்தால் மொத்தம் சுழி, அதாவது பூஜ்யம். ஆகவே, அங்கே சுழியின் அளவு சுழி."

அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததால் கூடம் முழுக்கச் சிரித்தது. செத்த பெண்களின் வீட்டாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

மாசிலாமணி தொழிற்சங்கக்காரராக நாற்பது ஆண்டு ஆலை வாசலில் முழங்கியவர். துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்தே ஆளானவர். எத்தனையோ அதிகாரிகளை வாயடைக்க வைத்தவர். அன்று அவர் வாய் அடைத்துப்போனது. வசவு வந்தது, பதில் வரவில்லை.

மறுநாள் அவர் வான்மதி டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், நிர்வாகத்தோடு சண்டை போட்டு வெளியே வந்து துறைக்கு மேலே குடியிருந்தார். "அந்தப் பய பேசின கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றார் மாசிலாமணி. டீச்சர் சிலேட்டை எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் புத்தகத்தில் கோட்டுத் தொகையீடு என்று பெயர். ஒரு பாதையில் போகிறோம். ஒவ்வோர் அடியிலும் ஏதோ ஒன்று நம்மை முன்னே தள்ளுகிறது அல்லது பின்னே இழுக்கிறது. அதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். "இவ்வளவுதான் விஷயம். புத்தகம் பயமுறுத்தும், பயப்படாதீங்க" என்பார் டீச்சர்.

இரண்டாம் விசாரணைக்கு முந்தின நாள் காலை மாசிலாமணி சிலேட்டைத் தூக்கி எறிந்தார்.

"போதும் டீச்சர். உங்க கணக்கும் அவனுங்க பக்கம்தான்."

"எப்படி?"

"நேரா ஓடற ஆத்துல சுத்தி வந்தா மொத்தம் சுழின்னு நீங்களும்தானே சொன்னீங்க? அவனும் அதையேதான் சொன்னான். என்ன, அவன் டை கட்டியிருந்தான்."

"நேரா ஓடற ஆத்துலன்னு சொன்னேன்."

"நானும் நாப்பது வருஷம் சுத்தியிருக்கேன். கொடி பிடிச்சேன், உள்ளே போனேன், வெளியே வந்தேன். இன்னைக்கும் அதே ஆலை கேட்டு, அதே பூட்டு. என் கணக்கும் சுழிதானே? சொல்லிடுங்க, போயிடறேன்."

டீச்சர் சிலேட்டைப் பொறுக்கி எடுத்தார். "நாளைக்கு என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார்.

"அத்தனை பேரையும் துறைக்குக் கூட்டிட்டு வருவேன். எல்லார் கண்ணு முன்னாலயும் அந்தப் பள்ளத்துல குதிப்பேன். என்னை இழுக்கட்டும். அப்பவாவது நம்புவான் இல்ல?"

"நம்பமாட்டான். அண்ணனும் குடிச்சிருந்தான்னு எழுதிக்குவான்."

மாசிலாமணியின் கழுத்து நரம்பு புடைத்தது. "அப்ப உள்ளே போகாமலே, உள்ளே இருக்கறதை எப்படித்தான் சொல்றது?"

டீச்சர் எழுந்து மூலையில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தார்.

ஆற்றில், பள்ளம் இருந்த இடத்தை விட்டு வெகுவாக விலகி, பெரிய வட்டமாக மிதவைகள் கிடந்தன. வாழைமரத் துண்டுகள். ஒவ்வொன்றையும் கல்லில் கட்டி, ஒரே இடைவெளியில் டீச்சர் முதல் நாளே போட்டு வைத்திருந்தார்.

முதல் மிதவையில் பரிசலைக் கட்டினார்கள். மணல் நிரப்பிய சொம்பைக் கயிற்றில் கட்டி ஆழத்துக்கு இறக்கினார் டீச்சர். கயிறு சாய்ந்தது.

"நாம வட்டத்துல போற பக்கமா சாஞ்சா வெள்ளைக் கல். எதிர்ப் பக்கம் சாஞ்சா கறுப்புக் கல். எத்தனை விரல் சாயுதோ அத்தனை கல்லு. போடுங்க."

மாசிலாமணி கூழாங்கற்களை எண்ணித் தன் சிவப்புத் துண்டில் போட்டார். அடுத்த மிதவை. அதற்கு அடுத்தது. நீரோட்டத்தோடு போன பக்கம் வெள்ளையாக விழுந்தது. வட்டம் திரும்புகிற இடத்தில் கயிறு அவர் கையை வெட்டி இழுத்தது. பரிசலே சரிந்தது.

"இங்கேதான் பேய் மாதிரி இழுக்குது! எத்தனை போட?"

டீச்சர் குனிந்து பார்த்தார். "ஒண்ணு."

"ஒண்ணா? தோள்பட்டை பிஞ்சு போகுது!"

"இழுப்பெல்லாம் குறுக்கே போகுது. நாம போற வழியில ஒரு விரல்தான் சாஞ்சிருக்கு. அந்த ஒரு விரலுக்குத்தான் கல்லு."

"இவ்வளவு பலத்துக்கா?"

"இவ்வளவு பலத்துக்குத்தான். உங்க கோபம் மாதிரி."

நாற்பது ஆண்டில் அவரிடம் இப்படிப் பேசிய ஆள் கிடையாது. பேசியிருந்தால் முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருக்க முடியாது. மாசிலாமணி சரியான வசவு ஒன்றைத் தேடினார். அவர் தேடி எடுப்பதற்குள் டீச்சர், "அடுத்தது" என்று துடுப்பைப் போட்டுவிட்டார். மாசிலாமணி ஒரே ஒரு வெள்ளைக் கல்லைத் துண்டில் எறிந்தார்.

பிறகு எதிர் ஓட்டம். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. மாசிலாமணி பல்லைக் கடித்தார். "பாருங்க, குடுத்ததைப் பிடுங்கறான். அந்தப் பய சொன்னபடியே நடக்குது."

டீச்சர் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். பரிசல் புறப்பட்ட மிதவைக்கே வந்து சேர்ந்தது.

கரையில் துண்டை விரித்தார்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்து குவியலாகக் கிடந்தது.

"ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. ஜோடி சேர்த்து ஆத்துல எறிங்க."

"எதுக்கு?"

"பொறியாளர் சொன்னதைத்தான் செய்யறோம். குடுத்ததும் பிடுங்கினதும் கழிஞ்சு போகட்டும். ஆறு நேரா ஓடுதுன்னா துண்டு காலியாகணும்."

மாசிலாமணி எறியத் தொடங்கினார். சும்மா எறிய அவருக்கு வரவில்லை.

"இது அந்த டைக்கு. இது சிரிச்ச துரைக்கு. இது அவன் குடைக்கு. இது, அவன் சிரிச்சான்னு கூடச் சிரிச்ச நாய்ங்களுக்கு."

"என்னை விட்டுட்டீங்க" என்றார் டீச்சர்.

"இது உங்களுக்கு. கோபம்னு சொன்னீங்களே, அதுக்கு."

குவியல் சிறுத்துக்கொண்டே வந்தது. அவர் வலது கை வெள்ளைக் கல் ஒன்றை எடுத்தது. இடது கை கறுப்பைத் தேடியது. துண்டின் மடிப்புகளை உதறிப் பார்த்தார். மணலில் சிந்தியிருக்குமோ என்று தடவினார்.

கறுப்பு இல்லை. சிவப்புத் துண்டின்மேல் இரண்டு கை கொள்ளும் அளவுக்கு வெள்ளைக் கற்கள் கிடந்தன.

வசவு நின்றுபோனது.

"டீச்சர், கறுப்பு தீந்துபோச்சு."

"தெரியுது."

"எதிர்ப் பக்கமா சுத்தியிருந்தா?"

"இதே அளவு கறுப்பு நின்னிருக்கும்."

"அப்ப எப்படிச் சுத்தினாலும் துண்டு காலியாகாது."

"உள்ளே ஒண்ணு சுழலாம மீதி நிக்காது."

மாசிலாமணி துண்டை முடிச்சுப் போட்டுத் தோளில் ஏற்றினார். மாதக் கணக்கில் கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. மேடையில் நிற்பதுபோல் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டார்.

"நாளைக்கு இதை அந்த மேசைமேல கொட்டறேன். 'சுழியை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்'னு முழங்கறேன். கூரை பிச்சுக்கும் பாருங்க."

"பார்த்தீங்களா?"

"எதை?"

"சுழியை."

மாசிலாமணி ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல்தான் கிடந்தது. "பார்க்கல. அதனால என்ன? அவனுங்க சொல்ற பொய்யில இது எந்த மூலைக்கு?"

டீச்சரின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "எந்த இடத்துல பார்த்தே, எத்தனை அடி அகலம், எந்தப் பக்கம் சுத்துச்சு, அப்ப மணி என்னன்னு ஒவ்வொண்ணா கேப்பான். நாலாவது கேள்வியில உளறுவீங்க. மறுபடி சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புலேயே உங்க தம்பி ஆயுசுக்கும் உள்ளே கிடப்பான். அதுக்கா இந்தக் கல்லைப் பொறுக்கினோம்?"

மாசிலாமணி தோளிலிருந்த முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"பின்னே, பார்த்தியான்னு கேட்டா நான் என்னதான் சொல்றது?"

"பார்க்கலைன்னு சொல்லுங்க" என்றார் டீச்சர். "சுத்தி வந்தேன், மீதி இருந்துச்சுன்னு சொல்லுங்க."