கழுத்தில் ஒட்டும் மண்

பெனிட்டா குண்டு எறியக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் கற்கிற சுடலைவடிவு போலீஸ்காரி, குருவைவிட ஆறு வயது மூத்தவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை மாஸ்டர் என்பாள்.

பெனிட்டாவிடம் ஒரு வழக்கம் உண்டு. எறிந்ததும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது. முதலில் வந்து கழுத்தைக் காட்ட வேண்டும். இரும்புக் குண்டு மண்ணில் விழுந்து விழுந்து புழுதியோடு இருக்கும். அதைத் தாடைக்குக் கீழே நன்றாக அழுத்தி வைத்து எறிந்தால் கழுத்தில் மண் ஒட்டும். கழுத்து சுத்தமாக இருந்தால் எறிந்தது தப்பு. மறுபடி போ என்பாள்.

ஒரு நாள் மாலை சுடலைவடிவு குண்டைத் தொடவில்லை. போஸ்டரின் மாதிரியைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

"பெண்கள் போட்டிக்கு ஊரெல்லாம் ஒட்டப் போறாங்க மாஸ்டர். என் படம். நான் சரின்னா இன்னைக்கே அச்சுக்குப் போயிரும். மாட்டேன்னா யாரோ மாடல் பொண்ணைப் போட்டுருவாங்களாம்."

பெனிட்டா விரித்துப் பார்த்தாள். படத்தில் முடி காற்றில் பறந்தது. உதட்டில் சிவப்பு. கேமராக்காரர் தரையில் படுத்து எடுத்திருக்க வேண்டும், தொடைதான் முதலில் கண்ணில் பட்டது. குண்டு ஐந்து விரல் நுனியில் பூப்போல நின்றது. மேலே 'பெண் என்றால் வலிமை' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"இதுல என்னக்கா குழப்பம்?"

"தொடை தெரியுது, மானம் போச்சுன்னு மாமியார் சாப்பிடாம உட்கார்ந்திருக்கு. தடகளச் சங்கச் செயலாளர், இதுதாம்மா தைரியம், கூச்சப்படாதீங்கங்கிறார். ஸ்டேஷன்ல ஆளுக்கு ஒரு சிரிப்பு. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இது எனக்குப் பெருமையா, கேவலமா? நீங்களே சொல்லித் தொலைங்க."

"தினம் இதே ஷார்ட்ஸ்லதானே எறியறீங்க. அப்பல்லாம் மாமியார் சாப்பிட்டாங்களா?"

"நல்லாவே சாப்பிட்டுச்சு."

"உங்களுக்குப் படம் பிடிச்சிருக்கா?"

சுடலைவடிவு தரையைப் பார்த்தாள்.

"பிடிச்சிருக்கு மாஸ்டர். கல்யாண ஆல்பத்துலகூட நான் இப்படி இல்ல."

"சரி. இதே மாதிரி நின்னு எறிங்க."

"இப்படியேவா?"

"இப்படியேதான்."

சுடலைவடிவு வட்டத்துக்குள் போனாள். இடுப்பை ஒடித்து நின்றாள். குண்டை விரல் நுனியில் ஏற்றினாள். அது உருண்டு அவள் கால் விரலுக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது.

பெனிட்டா சிரிக்கவில்லை.

"படத்துல எப்படி நின்னுச்சு?"

"அது தெர்மாகோல். கறுப்புப் பெயிண்ட் அடிச்சது. நிஜக் குண்டை வச்சா முகம் கோணுதுன்னு வாங்கி வச்சுட்டாங்க."

"கழுத்து?"

"பயிற்சி முடிச்சு நேராப் போனேனா, மண்ணா இருந்துச்சு. மேக்கப் போடுற பொண்ணு துடைச்சு விட்டுட்டா."

போன் அடித்தது. செயலாளர்.

"என்ன சொல்ல மாஸ்டர்?"

"மறுபடி எடுக்கச் சொல்லுங்க. ஷார்ட்ஸ் இருக்கட்டும். லிப்ஸ்டிக் பிடிச்சிருந்தா அதுவும் இருக்கட்டும். குண்டு மட்டும் இரும்பு."

சுடலைவடிவு அப்படியே சொன்னாள். பதிலைக் கேட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"முகம் கோணினா போஸ்டரை ஒருத்தரும் பார்க்க மாட்டாங்களாம்."

"முகத்தைப் பார்க்கவா தரையில படுத்து எடுத்தாங்க?"

சுடலைவடிவு கையை எடுத்துவிட்டு, அதே கேள்வியைப் போனில் கேட்டாள். அந்தப் பக்கம் செயலாளர் யாரையோ கூப்பிட்டு விசாரித்தார்.

"வரச் சொல்றார்," என்றாள் கடைசியில். "கேமராக்காரர் இன்னும் ஊரை விட்டுப் போகலையாம். சலிச்சுக்கிட்டேதான் சொல்றார்."

"சலிச்சுக்கட்டும். ஒரு தடவை எறிஞ்சுட்டுக் கிளம்புங்க."

சுடலைவடிவு குண்டைத் தாடைக்குக் கீழே அழுத்தினாள். கன்னம் பிதுங்கியது. கண் இடுங்கியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குண்டு தொலைவில் போய் மண்ணைக் கிளப்பி விழுந்தது.

திரும்பி வந்து, வழக்கம்போலக் கழுத்தைக் காட்டினாள். செம்மண் வட்டமாக ஒட்டியிருந்தது. பெனிட்டா தலையசைத்தாள்.

சுடலைவடிவு ஓரத்தில் கிடந்த துண்டை எடுத்தாள். பெனிட்டா அதைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"துண்டு இங்கயே இருக்கட்டும்க்கா. நீங்க போங்க."