மணல் மூட்டை

"ஒண்ணும் ஒத்துவரல, மாஸ்டர்."

தமயந்தி நிமிர்ந்து பார்த்தார். சொன்னவர் மாசிலாமணி. பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"எது ஒத்துவரல, சார்?"

"முதல்ல இங்க இருக்கற பசங்க ஒரு ஷெட்யூல் சொன்னாங்க. திங்கட்கிழமை நெஞ்சு, செவ்வாய்க்கிழமை முதுகுன்னு. செஞ்சு பாத்தேன். அதெல்லாம் தப்பு, தினமும் முழு உடம்புக்கும் செய்யணும்னு போன் வீடியோல ஒருத்தர் பேசறார். அதையும் செஞ்சேன். என் மச்சினன் ஓடினாப் போதுங்கறான். நான் எதைத்தான் செய்யறது?"

"எதுக்கு வந்தீங்க?"

"பலம் வேணும்."

"எதுக்கு?"

மாசிலாமணி உடற்பயிற்சி சைக்கிள் பக்கம் போய்விட்டார்.

விழுப்புரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஜிம். அதை நடத்திய தமயந்தி ஒரு காலத்தில் மாநில அளவில் பளு தூக்கியவர். இடது முழங்கை முழுசாக நீளாது. அதிகம் பேச மாட்டார். இளவட்டங்கள்கூட அவர் நடந்து வந்தால் பாட்டின் சத்தத்தைக் குறைப்பார்கள்.

மறுநாள் மாசிலாமணி மறுபடியும் வந்து நின்றார்.

"சுகர் இருக்கு, மாஸ்டர். அதுக்குத்தான் வந்தேன்."

"சுகருக்கு நடந்தாப் போதும்."

"வீட்ல பொழுதும் போகல."

"லைப்ரரி பக்கத்துலதான் இருக்கு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்டா சொல்லித் தர்றதுதானே உங்க வேலை?"

"கேட்டா சொல்லித் தர்றேன். நீங்க இன்னும் கேக்கல."

ஒரு வாரம் அவர் தமயந்தி இருந்த பக்கமே போகவில்லை. தனக்குத் தோன்றியதைச் செய்தார். முதுகு பிடித்துக்கொண்டது. பிடித்த முதுகோடும் வந்தார்.

அப்படி ஒருநாள், மூலையில் கிடந்த மணல் மூட்டையின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

பையன்கள் அதை இரண்டு காதுகளையும் பிடித்து இழுத்துத் தூக்குவார்கள். மாசிலாமணி அப்படிச் செய்யவில்லை. குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மெதுவாக அடியில் கொடுத்தார். மார்போடு சேர்த்து அணைத்தார். உதடு அசைந்தது.

மூட்டை அரை அடி எழும்பியது. முழங்கால் மடங்கியது. மூட்டையோடு அவரும் சாய்ந்தார்.

தமயந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தூக்கிவிடவில்லை.

"மூட்டைகிட்ட என்னமோ சொன்னீங்களே."

"ஒண்ணும் சொல்லலையே."

"பிடிச்சுக்கோன்னு சொன்னீங்க."

மாசிலாமணி மூட்டையைப் பார்த்தபடி இருந்தார்.

"யாரு, சார் அது?"

பாட்டை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அல்லது அவருக்குத்தான் கேட்கவில்லை.

"என் வீட்டம்மா," என்றார். "சுலோச்சனா."

பிறகு சொன்னார்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை மெல்ல நடப்பாள். ஒரு மத்தியானம் உள்ளே வழுக்கி விழுந்தாள். அடி பெரிதாக இல்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. அவர் அக்குளில் கை கொடுத்து, 'பிடிச்சுக்கோ' என்றார். அவளும் நல்ல கையால் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். பாதி எழுந்ததும் அவருடைய கால் விட்டுவிட்டது. அவள் மறுபடியும் ஈரத்தில் விழுந்தாள்.

"எதிர் வீட்டுக்கு அப்போ பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஓடிப்போய் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தேன். நல்ல பசங்க. பூ மாதிரி தூக்கிட்டாங்க. ஆனா அவ பாவாடையோட இருந்தா, மாஸ்டர். ஒரு துண்டைப் போட்டு மூடினேன். அவ கண்ணை மூடிக்கிட்டா. கட்டில்ல படுக்க வெச்சு அவங்க போன பிறகும் ரொம்ப நேரம் திறக்கல."

"அப்புறம்?"

"கொஞ்ச மாசம் இருந்தா. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல."

மாசிலாமணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பிசியோதெரபி பண்ண வந்த பொண்ணு ஆரம்பத்துலயே சொல்லுச்சு. சார், நீங்களும் கொஞ்சம் உடம்பைத் தேத்திக்குங்க, இவங்களைத் தூக்க வேண்டி வரும்னு. பாக்கலாம்னு சொன்னேன். அப்போ நான் ரிட்டயர் ஆகல, பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் உங்க போர்டைத் தினமும் பாப்பேன். பாக்கலாம், பாக்கலாம்னே இருந்துட்டேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று மாசிலாமணி எதிர்பார்த்தார். தமயந்தி எழுந்து போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க."

முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"கை வைக்காம."

முயன்றார். முடியவில்லை.

"இதுதான் உங்க ஷெட்யூல்."

"எத்தனை நாளைக்கு?"

"எழுந்திருக்கற வரைக்கும்."

மழைக்காலம் முழுக்க அவர் உட்கார்ந்தார், எழுந்தார். அது வசப்பட்டதும் ஸ்டூல் உயரம் குறைந்தது. பிறகு கையில் ஒரு மணல் வாளி வந்தது. பிறகு இரண்டு வாளி. போனில் பேசுகிறவரை அவர் பார்ப்பதை விட்டுவிட்டார். மச்சினன் கேட்டபோது, "உட்கார்ந்து எழுந்திருக்கறேன்," என்று மட்டும் சொன்னார்.

ஒருநாள் காய்ச்சலோடு வந்தார். கண் சிவந்திருந்தது. வாளியை எடுத்தவரைத் தமயந்தி தடுத்தார்.

"வீட்டுக்குப் போங்க."

"பரவாயில்ல, மாஸ்டர். வலிச்சா வலிக்கட்டும்."

"தண்டனை அனுபவிக்கற இடம் இது இல்ல, சார். போய்ப் படுங்க."

போனார். காய்ச்சல் விட்டதும் வந்தார்.

பொங்கல் கழிந்து பனி குறையத் தொடங்கிய ஒரு காலையில் தமயந்தி அந்தப் பழைய மூட்டையை எடை போடும் மெஷின் பக்கத்துக்கு இழுத்து வந்தார்.

"அம்மா எவ்வளவு இருந்தாங்க?"

"கடைசியா ஆஸ்பத்திரியில பாத்தப்போ ஐம்பத்திரண்டு கிலோ."

தமயந்தி மணலை அள்ளிப் போட்டார். கொஞ்சம் எடுத்தார். மறுபடி போட்டார். வாயைக் கட்டி அவர் முன்னால் வைத்தார்.

மாசிலாமணி குந்தினார். கைகளை அடியில் கொடுத்தார். மார்போடு அணைத்தார்.

எழுந்தார்.

அவ்வளவுதான். கால் நடுங்கவில்லை. முதுகு பிடிக்கவில்லை. மூட்டை அவர் மார்பில் இருந்தது. சுற்றி நின்ற பையன்கள் கை தட்டினார்கள்.

அவர் முகத்தைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினார்கள்.

"இவ்வளவுதானா, மாஸ்டர்?"

"இவ்வளவுதான்."

"அப்பவே வந்திருந்தா?"

இல்லை சார், அந்த நேரத்துல யாராலும் முடியாது சார் என்று தமயந்தி சொல்லியிருக்கலாம். அங்கிருந்த எல்லாருமே அதைச் சொல்லத் தயாராக இருந்தார்கள்.

"தூக்கியிருப்பீங்க," என்றார் தமயந்தி.

மாசிலாமணி மூட்டையை இறக்கி வைத்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. மாசி போயிற்று. பங்குனி போயிற்று. பையன்கள் வீட்டுக்குப் போய் அழைக்கட்டுமா என்று கேட்டார்கள். தமயந்தி வேண்டாம் என்றார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் அவராகவே வந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"ஒண்ணு கேக்கணும், மாஸ்டர்."

"கேளுங்க."

"இனிமே நான் எதுக்குத் தூக்கணும்?"

தமயந்தி சாவியை எடுத்துக்கொண்டார். "வாங்க."

"எங்க?"

"எங்க வீட்டுக்கு."

வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. வழியெல்லாம் மண் வெடித்துக் கிடந்தது. வேலியோரச் செடிகூடக் கருகியிருந்தது. வீட்டின் பக்கவாட்டில், ஒரு ஜன்னலுக்குக் கீழே மட்டும், கொஞ்சம் இடத்தில் புல் பச்சைப் பசேல் என்று நின்றது. மாசிலாமணியின் நடை அங்கே நின்றுவிட்டது.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல."

உள்ளே, அந்த ஜன்னலோரம் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

"எங்க அப்பா. சொக்கலிங்கம்," என்றார் தமயந்தி. "ரயில்வேயில இருந்தார். லாரி இடிச்சதுலேருந்து இப்படித்தான்."

"யாரும்மா இது?"

"நம்ம ஜிம்முக்கு வர்றவர், அப்பா."

பிறகு மாசிலாமணியிடம் திரும்பிச் சொன்னார்: "காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை நான்தான் தூக்கறேன். அதனாலதான் அன்னைக்கு உங்க கையைப் பாத்ததும் தெரிஞ்சுது. மூட்டையை யாரும் அப்படித் தூக்க மாட்டாங்க. இப்போ என் முழங்கை ஒத்துழைக்கல. போன வாரம் பாதியில விட்டுட்டேன், நல்லவேளை கட்டில் மேலேயே விழுந்தார். யார்கிட்டயும் கேக்கல. உங்ககிட்ட கேக்கறேன்."

மாசிலாமணி கட்டிலருகே குனிந்தார். கைகளை அடியில் கொடுத்தார்.

"ஐயா, என்னைப் பிடிச்சுக்குங்க."

பெரியவர் பிடித்துக்கொண்டார். மணலைப் போல அல்லாமல் அந்த உடம்பு சூடாக இருந்தது, பயந்தது, மூச்சு விட்டது. மாசிலாமணி எழுந்தார். நாலு எட்டு நடந்து நாற்காலியில் உட்கார வைத்தார். வேட்டியை இழுத்துச் சரி செய்தார்.

"சுகமாத் தூக்கறீங்க," என்றார் பெரியவர். அவர் உதடு வெடித்திருந்தது.

தமயந்தி முகத்தில் அன்றுதான் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "டீ போடறேன். அப்பா, உங்களுக்கு?"

"எனக்கு எதுவும் வேண்டாம்மா."

கட்டில் தலைமாட்டில் ஒரு செம்பும் டம்ளரும் இருந்தன. மாசிலாமணி செம்பை எடுத்துப் பார்த்தார். காலி.

"மாஸ்டர், அப்பா தண்ணி குடிக்கறாரா?"

"நல்லா குடிப்பார். காலையில செம்பு நிறைய வெச்சுட்டுப் போவேன். திரும்பி வர்றப்போ காலியாத்தான் இருக்கும்."

மாசிலாமணி ஜன்னலைப் பார்த்தார். பெரியவர் மாசிலாமணியைப் பார்த்தார். வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை அசைத்தார்.

மாசிலாமணி காலிச் செம்பைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"சுலோச்சனா செம்பும் காலியாத்தான் இருக்கும்," என்றார் கடைசியில். "தண்ணி குடிச்சா குளியலறைக்குப் போகணும். போனா விழுந்துடுவோம், விழுந்தா வெளியாள் வந்து தூக்கணும்னு அவளுக்கு ஒரு பயம். நான் அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியா ஊத்திடுவா. சிறுநீர்ல தொற்று வந்துதான் போனா. தண்ணி குடிக்கறாங்களான்னு டாக்டர் கேட்டப்போ, நல்லா குடிக்கறா, நான்தானே வைக்கறேன்னு சொன்னேன். எல்லாம் முடிஞ்சு பத்தாம் நாளுதான் வீட்டைச் சுத்தி நடந்தேன். ஊரே காய்ஞ்சு கிடந்துச்சு. அவ ஜன்னலுக்குக் கீழ மட்டும் புல்லு."

தமயந்தி வெளியே போனார்.

திரும்பி வந்தபோது காலில் ஈர மண் ஒட்டியிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நாளா, அப்பா?"

"உன் கை வலிக்குதேம்மா," என்றார் பெரியவர்.

தமயந்தி அப்படியே தரையில் உட்கார்ந்தார். எத்தனையோ பேரை எழுப்பி நிறுத்தியவர், எழுந்திருக்கவில்லை.

மாசிலாமணி சமையலறைக்குப் போனார். பானையிலிருந்து செம்பை நிரப்பிக் கொண்டுவந்தார். டம்ளரில் ஊற்றிப் பெரியவர் கையில் கொடுத்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"குடிங்க, ஐயா," என்றார். "நான் இங்கதான் இருக்கேன்."